முப்பத்தெட்டுக்குப் பச்சைப் பூ

நாகவல்லியைக் காரைக்குடிக் கடைவீதியில் ஒருவருக்கும் பிடிக்காது. பிடிக்காமல் போனதற்கு அவர்களிடம் காரணமும் இருந்தது. முப்பத்தோரு வருடம் அவள் தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளர். தராசு நேராக நிற்கிறதா, எடைக்கல் தேய்ந்திருக்கிறதா, பெட்ரோல் பங்க்கில் ஐந்து லிட்டர் போட்டால் ஐந்து லிட்டர் விழுகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது வேலை. சரியில்லை என்றால் வழக்கு. துறையின் ஜீப் கல்லுக்கட்டித் தெருப் பக்கம் திரும்பினாலே ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போன் பறக்கும். சிலர் ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். டீ கொடுத்தால் குடிக்கமாட்டாள். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள். "கல்லை எடுங்க" என்பாள், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆன பிறகும், கல்யாண வீடுகளில் அவள் உட்கார்ந்த வரிசையில் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். நாகவல்லிக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. தன்னைப் பிடிக்கவில்லை என்றால் தன் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

வெளியில் இருந்தவர்களைவிடப் பெரிய பகை உறவுக்குள்ளேயே இருந்தது. அவள் கணவர் முத்துவீரனின் தம்பி அழகுசுந்தரம், இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் எண்ணெய்க் கடை வைத்திருந்தான். மேலதிகாரியோடு திடீர்ச் சோதனைக்குப் போன வரிசையில் அந்தக் கடையும் இருந்தது. முந்தின நாளே நாகவல்லிக்குத் தெரியும். வீட்டில் மூச்சு விடவில்லை. கடையின் லிட்டர் அளவைப் பாத்திரம் அடிப்பக்கம் உள்ளே தட்டி ஒடுக்கப்பட்டிருந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டியதும் அவள்தான்.

"மதினி, நீங்களா?" என்றான் அழகுசுந்தரம்.

"அளவையை மேசை மேல வைங்க" என்றாள்.

கடை அந்த வருடமே மூடியது. அதற்குப் பிறகு அவன் கழனிவாசலில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்தால், வாசலில் அவள் நின்றாலும் "அண்ணன் இருக்காகளா?" என்று சுவரைப் பார்த்துத்தான் கேட்பான்.

முத்துவீரன் வேறு ரகம். அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர். பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்தில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யாரைப் பார்த்தாலும் நின்று பேசுவார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை.

கடை போன பின் அழகுசுந்தரம் இன்ஷூரன்ஸ் பிடித்தான், பிளாட் விற்றான், எதுவும் நிலைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் செக்காலைப் பக்கம் ஒரு மாடியில் 'சர்க்கரை நலமையம்' என்று பலகை மாட்டினான். கால் அமுக்குகிற இயந்திரம், டப்பாவில் அடைத்த மாவு, சனிக்கிழமை மட்டும் வந்துபோகிற ஒரு டாக்டர். அதோடு 'சீராளி' என்று ஒரு செயலி. வெளியூரில் ஏதோ ஒரு கம்பெனி செய்தது. இந்தப் பக்கத்துக்கு அதைப் பரப்புகிற வேலையை அழகுசுந்தரம் எடுத்துக்கொண்டிருந்தான். முதலில் அண்ணன் போனில்தான் ஏற்றினான்.

காலையில் விரலைக் குத்தி, மீட்டரில் வருகிற எண்ணைச் சீராளியில் போட வேண்டும். எண் குறையக் குறையத் திரையில் ஒரு மொட்டு விரியும். நூற்றுக்குக் கீழே போனால் முழுப் பச்சைப் பூ, ஒரு ஊதல் சத்தம், "சபாஷ் முத்துவீரன்!" என்று எழுத்து. ஏழு நாள் தொடர்ந்து பூ வந்தால் வாட்ஸப் குழுவில் பெயர் வரும்.

"இந்தா பாரு, பூ பூத்துருச்சு" என்று முத்துவீரன் போனை நீட்டுவார்.

"உங்க தம்பி குடுத்ததுதானே. நல்லாப் பூக்கும்" என்பாள் நாகவல்லி. திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

ஊரில் உள்ள தராசையெல்லாம் சோதித்தவள், தன் வீட்டுக்குள் வந்த இந்த ஒன்றைச் சோதிக்கவில்லை. அழகுசுந்தரம் கொண்டு வந்த பொருளைத் தொடக்கூடாது என்ற வீம்பு. பின்னால் அவளை அதிகம் குத்தியது இதுதான்.

அது ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு பழைய எடைக்குறைவு வழக்கில் சாட்சி சொல்ல நாகவல்லிக்குச் சிவகங்கை நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஆறு மணிக்கே இட்லியை அவித்து மூடி வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். முத்துவீரன் ஆறரைக்கு எழுந்து விரலைக் குத்தினார். மீட்டர் அறுபத்தொன்று காட்டியது. கை லேசாக நடுங்கியது, நெற்றி வேர்த்தது. எண்ணைச் சீராளியில் போட்டார். பூ விரிந்தது, ஊதல் ஊதியது. "மிகக் குறைவு. மிக நன்று! இப்படியே தொடருங்கள்." கூடவே மணி அடித்து "மாத்திரை நேரம்" என்றது. அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பள்ளத்தூருக்கு அங்குட்டு இருந்த கொல்லைக்காட்டில் மோட்டார் பழுதுபார்க்கிற ஆள் வருவதாகச் சொல்லியிருந்தான். வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று டிவிஎஸ்ஸை எடுத்தார்.

கோட்டையூர் தாண்டுவதற்குள் வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஒரு மைல்கல்லில் மோதியது. விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, வாய் குழற ஏதோ பேசினார். டீக்கடையில் நின்றவர்கள் "காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு" என்று சிரித்தார்கள். ஒருவர் செல்போனில் படம்கூட எடுத்தார். கால் மணி நேரம் கழித்து, அந்த வழியாக வந்த, முன்பு அவரோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர் பஸ்ஸை நிறுத்தி, "ஏப்பா, இவரு நம்ம முத்துவீரன்ப்பா, குடிக்க மாட்டாரு" என்று சத்தம் போட்ட பிறகுதான் ஆட்டோ வந்தது.

நாகவல்லி சிவகங்கையிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவு திரும்பியிருந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள்.

"கொண்டு வர்றப்ப சர்க்கரை முப்பத்தெட்டுதாம்மா இருந்துச்சு" என்றார் டியூட்டி டாக்டர். "இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா மூளையைப் பாதிச்சிருக்கும். காலையில பார்த்தப்பவே அறுபத்தொண்ணு இருந்துருக்கு. உடனே எதாச்சும் இனிப்பு சாப்பிட்டிருக்கணும். இவரு மாத்திரை போட்டு வண்டி ஓட்டியிருக்காரு. யாரு சொன்னது?"

முத்துவீரன் கண்ணை மூடிக்கொண்டார். நாகவல்லி அவருடைய போனைப் பையிலிருந்து எடுத்தாள்.

அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சீராளியைத் திறந்து பார்த்தாள். பழைய பதிவுகள் தேதிவாரியாக இருந்தன. நூற்று நாற்பத்திரண்டு, நூற்று இருபத்தெட்டு, நூற்று ஒன்பது, தொண்ணூற்றாறு, எண்பத்து நாலு, எழுபத்து மூன்று, அறுபத்தொன்று. ஒரே வாரத்தில் படி இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது. எண் இறங்க இறங்கப் பக்கத்தில் பூ விரிந்துகொண்டே வந்திருந்தது. அந்த வாரம் சாப்பாட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

"ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுறீகளா இல்லையா?" என்று கேட்டாள்.

"நீ டிவி பார்க்கையில நாய்க்குப் போட்டுட்டு வந்துருவேன்" என்றார். "காலையில பூ நல்லா வரும்."

நாகவல்லி அந்த ஏழு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவள் வேலையில் இறங்கினாள். யாரும் அவளுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை, எந்தச் சட்டப் பிரிவும் கிடையாது. ஆனால் சோதிக்கிற விதம் அவளுக்குத் தெரியும். ஒரே கல்லை எல்லாத் தராசிலும் வைத்துப் பார்ப்பதுதான் விதம். காலி, பாதிச் சுமை, முழுச் சுமை, தாங்காத சுமை. அதே மாதிரி எட்டு எண்களைக் கல்லாக எடுத்துக்கொண்டாள்: முப்பத்தெட்டு, ஐம்பத்து நாலு, அறுபத்தொன்பது, நூற்றுப் பத்து, நூற்று எண்பத்தாறு, முந்நூற்று இருபது, அறுநூறு, ஆயிரத்து நூறு. சர்க்கரைக்கு என்று போனில் கிடைத்த செயலிகளில், சீராளியையும் சேர்த்துப் பதினொன்றை இறக்கி, எட்டு எண்களையும் ஒவ்வொன்றிலும் போட்டாள். நீளமான நோட்டில் கோடு கிழித்து எழுதினாள். எந்தெந்த எண்ணுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை அந்த டியூட்டி டாக்டரிடமே போய் இரண்டு முறை கேட்டு எழுதி வந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க எந்த ஆஃபீஸும்மா?" என்று கேட்டார்.

மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நாகவல்லி அந்தப் பதினொன்றையும் திட்டாத நாள் கிடையாது.

ஒன்று, திறந்த உடனே அவள் போனில் உள்ள எல்லா எண்களையும் பார்க்க அனுமதி கேட்டது. "சர்க்கரை பார்க்க என் தங்கச்சி நம்பர் எதுக்குடா?" என்று போனிடமே கேட்டாள். இன்னொன்று வெளிநாட்டு அளவில் இருந்தது, நம்முடைய நூற்றுப் பத்து அதில் ஏறக்குறைய ஆறு. நூற்றுப் பத்து போட்டதும் உடனே ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லி அலறியது. அளவை மாற்றுகிற இடம் நாலு கதவுக்கு உள்ளே ஒளிந்திருந்தது. மூன்றாவது, ஐம்பத்து நாலுக்கு "நன்றி, பதிவாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு, சர்க்கரையை வேரோடு ஒழிக்கும் பொடி என்று விளம்பரம் காட்டியது. மறுநாள் காலையிலிருந்து பொடி விற்கிறவர்கள் போனில் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒன்று எவ்வளவு இன்சுலின் போடலாம் என்று அளவு சொன்னது. கடைசி ஊசி எப்போது போட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீட்டரே அறுநூற்றுக்கு மேல் எண் காட்டாது, ஆனால் ஆயிரத்து நூறை ஏழு செயலிகள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு சராசரி போட்டுக் காட்டின. சாப்பாட்டுப் பட்டியலில் அவகாடோ இருந்தது, கம்பங்கூழ் இல்லை. பணியாரம் என்று அடித்தால் பஞ்சாப் ரொட்டி வந்தது. இதையெல்லாம் எந்த டாக்டர் பார்த்துச் சரி என்றார் என்று தேடினால், எட்டுச் செயலிகளில் பெயரே கிடையாது.

பதினொன்றில் இரண்டு மட்டும் தேறின. ஐம்பத்து நாலைப் போட்டால் சிவப்பாக எழுந்து, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடி, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார், வண்டி ஓட்டாதே என்றன. டாக்டர் எழுதிக் கொடுத்ததும் அதுவேதான். ஆனால் இரண்டும் ஆங்கிலத்தில் மட்டும்.

சீராளியைக் கடைசியாக எடுத்தாள். நூற்றுப் பத்துக்குப் பாதிப் பூ. அறுபத்தொன்பதுக்கு முழுப் பூ. ஐம்பத்து நாலுக்கும் முழுப் பூ. முப்பத்தெட்டுக்கும் பூ, ஊதல், சபாஷ். கடுப்பில் பூஜ்யத்தைப் போட்டுப் பார்த்தாள். அதற்கும் பூ பூத்தது. "பொணத்துக்கும் பூ வைக்கிறாய்ங்க" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினாள். பிறகு மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி அதே எண்களை மறுபடி போட்டு, வருவதை எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொண்டாள்.

கம்பெனிக்கு மூன்று மின்னஞ்சல் போட்டாள். மூன்றுக்கும் ஒரே பதில், நொடியில் வந்தது: "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி!" பக்கத்தில் ஒரு சிரித்த முகம்.

"விட்டுத் தொலையேன்" என்றார் முத்துவீரன். கழுத்தில் தூளிக்கட்டோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். "நான் சாப்பிடாமப் போனேன், நான் விழுந்தேன். அழகு என்ன பண்ணுவான்?"

"அவன் கொண்டாந்து குடுத்ததுதானே உங்களைப் பட்டினி போட்டுச்சு?"

"அவனைக் கண்டாலே ஒனக்கு ஆகாது. அதான் விசயம். ஊருக்குள்ள ஒன்னையப் பார்த்தா கதவச் சாத்துறாய்ங்க. இப்ப என் தம்பி கதவும் சாத்தணுமாக்கும்."

"அறுபத்தொண்ணுக்குச் சபாஷ் சொல்லுச்சுங்க அது!"

"ஆமா, சொல்லுச்சு!" அவர் குரல் உயர்ந்தது. "பொய்யோ நெசமோ, தெனமும் காலையில எனக்குச் சபாஷ்னு ஒண்ணு சொல்லுச்சு. இந்த வீட்டுல யாரு சொல்லுறா? முப்பத்தஞ்சு வருசத்துல நீ என்னைக்காச்சும் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கியா? நான் எண்ணிப் பார்த்தேன். ஒண்ணும் தேறல."

அவர் சொன்னது சரியான எடை, மறுக்க முடியாது.

"சொல்லலதான்" என்றாள். உள்ளே போய் அரிசி களைந்தாள். அன்றைக்குச் சோறு போட்டதும், அவர் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். நாயை அவிழ்த்து முன்வாசலில் கட்டியிருந்தாள்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, நலமையத்தில் உறுப்பினர் கூட்டம். சீராளிக் கம்பெனியிலிருந்து சத்தியப்பிரியா என்ற அதிகாரி வருவதாக வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். நாகவல்லி நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். மாடியில் நாற்பது பேருக்குக் குறையாது. அழகுசுந்தரம் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றான். அவளைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"அண்ணனுக்கு எப்படி இருக்கு?" என்று கிண்ணத்தைப் பார்த்துக் கேட்டான்.

"ஒரு தடவை வந்து பார்த்துருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

சத்தியப்பிரியாவுக்கு நாற்பது வயதிருக்கும். சிரித்த முகம். பெரிய திரையில் படம் போட்டு, இந்த மாவட்டத்தில் மட்டும் எத்தனை பூ பூத்திருக்கிறது என்று காட்டினார். கைதட்டல். "யாருக்காவது சந்தேகம்?" என்றார்.

நாகவல்லி எழுந்தாள்.

"எல்லாரும் போனை எடுங்க. சீராளியைத் திறங்க. முப்பத்தெட்டுன்னு போடுங்க."

"மதினி, கூட்டத்துல வந்து..." என்று அழகுசுந்தரம் முன்னால் வந்தான்.

"ஒரே ஒரு எண்ணுதான். போடுங்க. பிறகு அழிச்சுக்கலாம்."

அவள் குரலில் அந்தப் பழைய 'கல்லை எடுங்க' இருந்தது. ஆட்கள் போனை எடுத்தார்கள். ஒரு ஊதல் ஊதியது. பின்னாலிருந்து இன்னொன்று. பிறகு அங்கங்கே பத்து, இருபது. மாடி முழுக்கக் கல்யாண வீடு மாதிரி ஊதல் சத்தம். நாற்பது திரையிலும் பச்சைப் பூ. "மிகக் குறைவு. மிக நன்று!"

சத்தம் அடங்கும் வரைக்கும் பொறுத்திருந்தாள். "கோட்டையூர்கிட்ட விழுந்து கிடந்த என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில பார்த்த சர்க்கரை இதுதான். முப்பத்தெட்டு. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா மூளை போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. உங்க ஆப் பூ குடுக்குது."

சத்தியப்பிரியா சிரிப்பை விடவில்லை. "அம்மா, அது தமிழ் மொழிபெயர்ப்புல ஒரு சின்னப் பிழை. அடுத்த அப்டேட்ல..."

"இங்கிலீஷ்லயும் போட்டுப் பார்த்தேன்." நோட்டைத் திறந்து வாசித்தாள். "வெரி லோ. கிரேட் ஜாப். கீப் இட் அப். இதை யாரு மொழிபெயர்த்தா?"

சிரிப்பு போய்விட்டது.

"நூறுக்குக் கீழ எல்லாமே நல்லதுன்னு எழுதி வச்சிருக்கீக. கீழே எல்லை கட்டல. பூஜ்யம் போட்டாலும் பூக்குது. எந்த டாக்டர் பார்த்தாரு? பேரைச் சொல்லுங்க."

"டீம் பார்த்தாங்க..."

"பேரு."

சத்தியப்பிரியா அழகுசுந்தரத்தைப் பார்த்தார். அவன் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினான்.

"எல்லாருக்கும் ஒண்ணு தெரியணும். இவுக என் சொந்த மதினி. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னாடி என் கடைய மூட வச்சாக. இப்ப இதையும் மூட வந்துருக்காக. நான் பிழைக்கவே கூடாது. அதுதான் இவுக எண்ணம்!"

"ஒங்க அளவை அன்னைக்கும் ஒடுக்கு, இன்னைக்கும் ஒடுக்கு" என்றாள் நாகவல்லி. "அன்னைக்கு எண்ணெய்தான் குறைஞ்சது."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "குடும்பச் சண்டையை இங்க வந்து ஏன் போடுறாக?" என்று ஒருவர் கத்தினார். "நல்லா இருந்ததைக் கெடுக்கன்னே வந்துருக்கா" என்று ஒரு பெண் வாய்விட்டே சொன்னாள். அப்போது பின்வரிசையில், ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வேலைக்குப் போகிற பொன்னுத்தாயி எழுந்தாள்.

"எனக்குப் போன வாரம் அம்பத்தாறு வந்துச்சு" என்றாள் மெதுவாக. "கை வெடவெடன்னு வந்துச்சு. பூ பூத்துருச்சேன்னு படுத்துட்டேன். எம் மருமக வந்து எழுப்பி காப்பி குடுக்கலைன்னா..." உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சத்தம் கொஞ்சம் குறைந்தது. சிலர் போனைப் பார்த்துக்கொண்டே படி இறங்கினார்கள். நாகவல்லியிடம் யாரும் வந்து பேசவில்லை. நன்றி சொல்வார்கள் என்று அவள் நினைக்கவும் இல்லை.

கூட்டத்துக்குப் பிறகு பதினோரு நாள் சீராளி எங்கேயும் கிடைக்கவில்லை. பிறகு புதிதாக வந்தது. எழுபதுக்குக் கீழே போட்டால் பூ இல்லை. சிவப்புக் கட்டம் வந்து "உடனே சர்க்கரை சாப்பிடவும்" என்றது. என்ன மாற்றினோம் என்று கம்பெனி எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: "சிறு மேம்பாடுகள்." நாகவல்லி அதை மூன்று முறை வாசித்தாள். பிறகு ஆயிரத்து நூறைப் போட்டாள். இன்னும் வாங்கிக்கொண்டது. நான்காவது மின்னஞ்சலை எழுத உட்கார்ந்தாள்.

தை மாதம் அழகுசுந்தரத்தின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் அண்ணன் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. முத்துவீரன் தனியாகப் போய்விட்டு வந்தார். கட்டை அவிழ்த்துவிட்டார்கள், ஆனாலும் இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை.

"ஒன்னையப் பத்தி யாரும் கேக்கல" என்றார் சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"கேப்பாகன்னு நான் சொன்னேனா?"

"அழகுகிட்ட ஆளு பாதிக்கு மேல திரும்ப வந்துட்டாக. புது ஆப் நல்லாருக்காம்."

"நல்லாருக்கட்டும்."

அவர் சட்டையைக் கொடியில் போட்டார். "அந்தப் பதினொண்ணுல ரெண்டு தேறுச்சுன்னியே. அதுல தமிழ் இருக்கா?"

"இல்ல."

"அப்ப எனக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பிறகு போனிலிருந்த பூவையும் அவரே அழித்துவிட்டார். மீட்டரில் வருகிற எண்ணை நாள்காட்டித் தாளில் எழுத ஆரம்பித்தார். அவர் எழுதியதும் அவள் போய்ப் பார்ப்பாள். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள். அவருக்கு அதில் இன்னும் கோபம்தான்.

மாசி கடைசியில் பொன்னுத்தாயி ஆத்தங்குடியிலிருந்து பஸ் ஏறி வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தாள். மகன் புதிதாக வேறொரு செயலி ஏற்றிக் கொடுத்திருக்கிறானாம். நாகவல்லி போனை வாங்கி, எட்டு எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். இருபது நிமிடம் ஆனது.

"தூக்கிப் போடுங்க" என்று திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப எதைத்தான் வச்சுக்கிறது?"

"மீட்டரை வச்சுக்கங்க. எழுபதுக்குக் கீழே போனா மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிங்க. கால் மணி நேரம் கழிச்சு மறுபடி குத்திப் பாருங்க. வெறும் வயித்தோட பட்டறைக்குப் போகாதீக. வேலைக்குப் போறப்ப மடியில ரெண்டு மிட்டாய் இருக்கணும். என்ன, புரியுதா?"

"புரியுது. அதை ஏன் இப்படி வெரட்டிச் சொல்லுறீக?" என்றாள் பொன்னுத்தாயி.

"நான் சொல்றது இப்படித்தான்."

பொன்னுத்தாயி முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். கேட்டைச் சாத்தாமலே போனாள். நாகவல்லி எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து, நோட்டில் பன்னிரண்டாவதாக அந்தச் செயலியின் பெயரை எழுதினாள்.